சிவராத்திரி ஆக்சிஜன்

ஏனுங்க, உங்களுக்கு எந்தக் கண்ணுங்க? வலதா? எனக்கு வலது மூணு வாரத்துக்கு முன்னால ஆச்சு. இடது நேத்து. காலையிலதான் கட்டுப் பிரிச்சாங்க. சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்கன்னா ஊட்டுக்குக் கெளம்ப வேண்டியதுதான். நீங்க பயப்படாதீங்க, வலியெல்லாம் ஒண்ணுமில்லை. கண்ணுக்குள்ள வெளிச்சமாத் தெரியும், தண்ணி ஊத்தற மாதிரி இருக்கும், கால் மணி நேரத்துல எந்திரிங்கம்பாங்க. அதுக்கப்பறம் எல்லாம் பளிச்சுனு தெரியும். அதுதானுங்க எனக்கு வெசனமாப் போச்சு.

சித்தெ முன்னால எம்பக்கத்துல ஒருத்தன் இருந்தானே, நெட்டையா, சட்டைப்பையில பேனா குத்திக்கிட்டு? அவன் என்ற மச்சினனுங்க. எங்கூட்டுக்காரி துளசிமணிக்குத் தம்பி. பேரு தெய்வசிகாமணி. மூலனூருக்கு அக்கட்ட தோட்டம், ஒரு மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கான். எனக்குச் சொட்டு மருந்து வாங்கப் போயிருக்கான். அங்க ஒரே கூட்டம், வர அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ஒரு விசயத்தை யார்கிட்டயாவது சொல்லிப்போடணும்னு இருக்குது. என்னை உங்களுக்குத் தெரியாது, உங்களை எனக்குத் தெரியாது. அதுதான் நல்லது. தெரிஞ்சவங்ககிட்டச் சொல்ற விசயம் இல்லீங்க இது.

நான் திருப்பூருங்க. சாயப்பட்டறையில முப்பத்தொரு வருசம் டையிங் மாஸ்டர். கந்தவடிவேல் மாஸ்டர்னு கேட்டுப் பாருங்க. பையர், அதான் துணி வாங்கறவன், ஒரு துண்டுத் துணி அனுப்புவான், இதே கலர் வேணும்னு. நான் சன்னலோரம் கொண்டுபோய் ஒரு பார்வை பாத்துப்போட்டு நீலம் கொறையுதுன்னா கொறையுதுதான். ரெண்டு வருசத்துக்கு முன்னால புது மேனேஜர் ஒருத்தன் வந்தான். வந்தவன் ஷேடு பாக்கறதுக்குன்னு ஒரு மெஷினை வாங்கி வெச்சான். நான் சரின்னு சொன்ன துணி லாட்டையெல்லாம் அந்த மெஷின் நீலம் அதிகம், நீலம் அதிகம்னு தள்ளுது. மெஷினை நம்பறீங்களா, என்னை நம்பறீங்களான்னு கேட்டேன். மெஷினைத்தான்னான். அன்னைக்கே சாவியை மேசை மேல வெச்சுப்போட்டு வந்துட்டேன். அது மெஷின் கோளாறு. அது வேற கதை, விடுங்க.

ஊட்டுல சும்மா உக்காந்திருந்தவனுக்கு இந்தக் கிறுக்கைப் பிடிச்சு வெச்சவன் சிகாமணிதானுங்க. வானத்துல நெபுலான்னு இருக்குது, புகை மண்டலம். அதைப் படம் பிடிக்கறது. நாங்க பிடிச்சது ரோசெட்டுன்னு ஒண்ணு, ரோசாப்பூவு மாதிரி இருக்கும். அதோட வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேரவே அஞ்சாயிரம் வருசம் ஆகுதாம். சும்மா அண்ணாந்து பாத்தாத் தெரியாது. டெலஸ்கோப்புல கேமராவை மாட்டி, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு ஃப்ரேமுன்னு நூத்துக்கணக்குல எடுக்கணும். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனாத்தான் படம்னு ஒண்ணு வரும்.

சிகாமணி வெச்சிருக்கறது கறுப்பு வெள்ளைக் கேமராங்க. அதுக்கு முன்னால ஃபில்டர் போடுவான். ஒரு ஃபில்டர் ஹைட்ரஜன் வெளிச்சத்தை மட்டும் உள்ள விடும், இன்னொண்ணு ஆக்சிஜன் வெளிச்சத்தை மட்டும். கலரை நாமதான் ஏத்தணும். ஹைட்ரஜனுக்குச் சிவப்பு. ஆக்சிஜனுக்குப் பச்சையும் நீலமும் கலந்தாப்புல. அட, இது நம்ம தொழிலாச்சேன்னு எனக்கு ஒரே குசி! இதுல ஒரு சங்கடம் என்னன்னா, அந்த ஃபில்டர்ல எடுத்தா நட்சத்திரத்துக்கு அதோட சொந்தக் கலர் வராது. அதனால படத்துல இருக்கற நட்சத்திரத்தையெல்லாம் ஒண்ணு விடாமத் தொடச்சு எடுத்துப்போட்டு, கலர் கேமராவுல தனியாப் பிடிச்ச நட்சத்திரத்தை அந்தந்த எடத்துல வெக்கணும். சிரிக்காதீங்க, நெசமாலுமேதான். அந்தக் கலர் நட்சத்திரம் என்ற பங்கு. திருப்பூர்ல என்ற மொட்டைமாடியில இருந்தே ஒரு மணி நேரம் எடுத்தாப் போதும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அவன் பங்கு, அது நாப்பது அம்பது மணி நேரம் ஆகும். ரெண்டையும் ஒண்ணாக் கலக்கறது நான். ஆளுக்குப் பாதி வேலைன்னு வெச்சுக்கங்க.

தை மாசம் ஆரம்பிச்சோம். ஹைட்ரஜன் பத்து நாள்ல வந்துருச்சு, அதுக்கு நெலா இருந்தாலும் பரவால்ல. ஆக்சிஜனுக்கு நெலா ஆகாது. அமாவாசையை ஒட்டி நாலஞ்சு நாள்தான் கெடைக்கும். தை அமாவாசைக்குப் பிடிச்சுக்கிட்டு வந்து குடுத்தான். நான் கலக்கிப் பாத்தேன். பூவுக்கு நடுவுல நீலமாத் தெரியணுமுங்க. எனக்கு மண்ணுக் கலர்ல கெடந்துச்சு.

"மாப்ளெ, ஆக்சிஜன் பத்தலடா"ன்னேன்.

"இல்லீங்க மாமா, எனக்கு நல்லாத்தான் தெரியுது"ன்னான்.

"ஷேடு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"ன்னேன்.

அவன் மறுபேச்சுப் பேசற ஆளில்லீங்க. சரிங்க மாமான்னு போயிட்டான். நானும் சும்மா இருக்கல, நீலத்தை ஏத்தி ஏத்திப் பாத்தேன். ஏத்த ஏத்தப் புள்ளி புள்ளியா வருது, அசிங்கமா. சரக்கு நல்லாருந்தா ஏன் இப்படி வருது? மறுபடியும் பிடிக்கச் சொன்னேன். நெலா எறங்குன நேரமாப் பாத்து மறுபடியும் பிடிச்சான். பகல் பூராக் கடையில மூட்டை எடைபோட்டுட்டு ராத்திரி பூராத் தோட்டத்துல உக்காந்திருப்பான். அவன் பொண்டாட்டி எங்கூட்டுக்காரிகிட்ட, "அண்ணனைக் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க அண்ணி, இவரு கடையில உக்காந்தபடியே தூங்கறாரு"ன்னு போன் போட்டிருக்கா. அண்ணன்ங்கறது என்னைத்தான். எளவயசு, தாங்குமுன்னு சொன்னேன். அவனுக்கு நாப்பத்தாறு.

அப்பத்தான் சிவராத்திரி வந்துச்சு.

அவங்க குலதெய்வக் கோயில்ல சிவராத்திரிக்குப் பூசை முறை பங்காளி ஊடுகளுக்குள்ள சுத்தி வருமுங்க. பதினோரு வருசத்துக்கு ஒருக்கா. இந்த வருசம் சிகாமணி ஊட்டு முறை. அவங்கப்பன் இல்லை, மூத்தவன் இவன்தான். விடிய விடிய நாலு சாமத்துக்கும் அபிசேகத்துக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கணும். நான் என்ன சொன்னேன்? "மாப்ளெ, சிவராத்திரி இருட்டு வேற எந்த ராத்திரிக்கு வரும்? அடுத்த மாசம் பூவு மேக்கால எறங்கிப் போயிரும். இதை விட்டா அடுத்த தை மாசந்தான்." இவ்வளவுதானுங்க சொன்னேன். கோயிலுக்குப் போகாதேன்னு சொன்னேனா? சாமி சத்தியமா அந்த வார்த்தை என்ற வாயில வரல. அவனாப் போகல.

காச்சல்னு சொல்லியனுப்பிப்போட்டுத் தோட்டத்துல கேமராவோட உக்காந்துட்டான். முறை அவன் சித்தப்பன் மகன் கைக்குப் போச்சு. காச்சலெல்லாம் இல்லைன்னு மறுநாளே தெரிஞ்சுபோச்சு. ஊருல அதெல்லாம் மறைக்க முடியுமா? பங்காளிக எல்லாம் ஊட்டு வாசல்ல வந்து நின்னு ஒரே சத்தம். சாமிக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கறதை விட அப்படி என்னடா பெரிய வேலைன்னு கேட்டிருக்காங்க. அவன் என்னன்னு சொல்லுவான்? ஆக்சிஜன் பிடிச்சேன்னா சொல்ல முடியும்?

அறுபத்தெட்டு ஃப்ரேம். ஏழு மணிக்கு ஆரம்பிச்சு, பூவு மேக்கால சாயற வரைக்கும். டிஸ்க்குல ஏத்தி, பஸ் பிடிச்சு, அவனே கொண்டுக்கிட்டு வந்தான். "மாமா, இந்த மாதிரி ஒரு வானத்தை நான் பாத்ததே இல்லீங்க"ன்னான். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது, மூஞ்சி மட்டும் அப்படிச் சிரிக்குது. கேமரா கார்டுல இருந்ததை அழிச்சு அடுத்த வேலைக்கு வெச்சுக்கிட்டான். எங்க வழக்கம் அதுதானுங்க. அவன் பிடிச்சுக் குடுப்பான், பத்திரமா வெச்சுக்கறது நான். டிஸ்க்கு ஒண்ணுதான், அது எங்கிட்டத்தான் இருக்கும்.

நான் அந்த அறுபத்தெட்டையும் சேத்துக் கலக்குனேன். அப்பவும் மண்ணுக் கலர்தான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! லென்சு மேல பனி எறங்கியிருக்குது, இவன் பாக்காமத் தூங்கிப்போட்டான்னு முடிவு பண்ணிட்டேன். தேறாத ஃப்ரேமைக் கழிக்கறது இந்த வேலையில எல்லாரும் செய்யறதுதான். ஒண்ணு கெட்டுப்போனா மொத்தப் படத்தையும் கெடுத்துப்போடும். டிஸ்க்குலயும் எடம் இல்லை. அறுபத்தெட்டையும் கழிச்சேன். குப்பையில போட்டு, குப்பையையும் காலி பண்ணிப்போட்டேன். அந்த எடத்துல என்ற கலர் நட்சத்திரத்தை ஏத்துனேன்.

பங்குனியில படத்தை முடிச்சு, எங்க வானம் பாக்கற ஆளுங்க குரூப்புல போட்டேன். இருந்த ஆக்சிஜனையே நாலு மடங்கு தூக்கி, எனக்குத் திருப்தி வர்ற வரைக்கும் நீலத்தை ஏத்தித்தான் போட்டேன். அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிடற பொம்மை போட்டாங்க. ஒருத்தர் மட்டும், நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களேன்னாரு. அந்த வாரம் சிகாமணி எங்கூட்டுக்கு வந்தான். காப்பியைக் கையில வாங்கிக்கிட்டு மெதுவா, "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒருக்கா கண்ணை டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துரலாங்களா?"ன்னான்.

நாக்குல சனி வந்து உக்காந்துருச்சுங்க எனக்கு. முப்பத்தொரு வருசம் ஷேடு பாத்த கண்ணுடா இதுன்னேன். அதோட விட்டிருக்கலாம். துளசிமணியும் அங்கயே நிக்கறா. "சிவராத்திரியன்னைக்கு நீ தூங்கிப்போட்டு, பனி மூடுன ஃப்ரேமைக் கொண்டாந்து குடுத்துட்டு எனக்குக் கண்ணு தெரியலைங்கறயா? அங்க சாமிகிட்டயும் போகல, இங்க வேலையும் பாக்கல"ன்னு சொல்லிப்போட்டேன். அவன் மூஞ்சி அப்படியே சுண்டிப்போச்சு. காப்பி டம்ளரைக் கீழ வெச்சான். ஒரு வாய் குடிக்கலீங்க. வர்றேனுங்க அக்கான்னு அவகிட்ட மட்டும் சொன்னான். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அஞ்சு மாசம். போன் இல்லை, போக்குவரத்து இல்லை. துளசிமணி பாவம், எம்பக்கந்தான் பேசுனா. எந்தம்பிக்கு எப்பவுமே ரோசம் சாஸ்தின்னா. நானும் ஆமான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

ஆடியில ஒரு நாள் பொழுது சாயற நேரம், எதுக்கால வந்த லாரி வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாம வண்டியோட சாக்கடையில எறங்கிட்டேன். துளசிமணி இழுத்துக்கிட்டு இங்க வந்தா. டாக்டரம்மா டார்ச்சு அடிச்சுப் பாத்துப்போட்டு, "இத்தனை வருசமா எப்படிங்க இருந்தீங்க? ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப் பழுப்பேறிப் போச்சு"ன்னாங்க. அதுக்கென்ன, வயசானா வர்றதுதானேன்னு நெனச்சேன். அதுக்கும் படத்துக்கும் முடிச்சுப் போடல நான்.

வலது கண்ணுக் கட்டைப் பிரிச்சாங்க. சொவரு நீலம். நர்சம்மா துணி நீலம். துளசிமணி பச்சைச் சேலை கட்டிக்கிட்டு வந்தான்னு நெனச்சுக்கிட்டிருக்கேன், அது நீலச் சேலை. நான் டாக்டரம்மாகிட்டச் சண்டைக்குப் போயிட்டேனுங்க. நீலக் கண்ணாடியை உள்ள வெச்சுத் தெச்சுப்போட்டீங்க, மாத்துங்கன்னு. அவங்க சிரிச்சாங்க. "ஐயா, இதுதான் சரியான கலர். புரை நீல வெளிச்சத்தை உள்ள விடாமத் தடுத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மூணு வருசமா நீங்க பாத்ததுதான் தப்பு"ன்னாங்க.

ஊட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் தொறந்தேன். அய்யோ, அந்தப் படம்! நீலத்தை டப்பாவோட கவுத்த வேட்டி மாதிரி கெடக்குது. வலது கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாத்தா நல்லாருக்குது. இடதைப் பொத்திக்கிட்டுப் பாத்தா பாக்கச் சகிக்கல. மாத்தி மாத்திப் பொத்திக்கிட்டு எத்தனை நேரம் உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியல. துளசிமணி வந்து, கண்ணு உறுத்துதுங்களான்னா. ஆமான்னேன்.

அவன் குடுத்த ஆக்சிஜன்ல ஒரு கொறையும் இல்லீங்க. தை மாசத்துதே போதும். சிவராத்திரி பிடிச்சிருக்கவே வேண்டாம். அவன் கோயிலுக்குப் போயிருக்கலாம்.

கம்ப்யூட்டர் கடைக்கு டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன், அழிச்சதை எடுக்க முடியுமான்னு. ரெண்டு நாள் வெச்சிருந்து பாத்துட்டு, அந்த எடத்துல வேற என்னமோ எழுதியிருக்குதுங்க, இனி வராதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. வேற என்னமோ இல்லீங்க, என்ற கலர் நட்சத்திரம்.

இதை நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்கதான் மொதல் ஆளு. அந்தச் சாயப்பட்டறை மெஷினா? அட, அது வேற விசயமுங்க. அதை இதோட சேத்தாதீங்க.

நேத்து ஆபரேசனுக்குத் துணைக்கு ஆள் வேணுமில்ல? துளசிமணிக்கு இந்த வாரம் மூட்டு வலி, பஸ் ஏற முடியல. எங்கிட்டச் சொல்லாமயே தம்பிக்குப் போன் போட்டிருக்கா. விடியறதுக்குள்ள வந்து வாசல்ல நிக்கறானுங்க. பழசு ஒரு வார்த்தை எடுக்கல. படியில கையைப் பிடிச்சு ஏத்துனான். ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு, தண்ணி வேணுங்களா மாமான்னு கேட்டான். திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும், நானும் அந்த வேகத்துல சொல்லிப்போட்டிருப்பேன்.

இன்னைக்குக் காலையில கட்டுப் பிரிச்சதும், ஒரு நோட்டுல எழுதியிருக்கற எழுத்தைப் படிக்கச் சொன்னான். படிச்சேன். அவனுக்கு அப்படி ஒரு சந்தோசம். பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "மாமா, அந்தச் சிவராத்திரி ஃப்ரேமெல்லாம் அப்படியே இருக்குதில்லைங்களா?"ன்னான். நான் அந்த நோட்டையே பொரட்டிக்கிட்டு இருந்தேன். "அதை மட்டும் தனியாப் போட்டு ஒரு படம் பண்ணிக் குடுங்க மாமா. ஃப்ரேமுல தேதியும் மணியும் இருக்குமில்ல, அதையும் கீழ போட்டுருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பங்காளிக கூடறாங்க, எங்கூட்டை முறையில இருந்து தள்ளி வெக்கறதைப் பத்திப் பேச. நான் அன்னைக்குத் தூங்கல, சும்மா ஊர் சுத்தல, அந்தச் சாமி படைச்சதைத்தான் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன்னு காட்டணும். பங்காளிகள்ல மூத்தவரு, எங்க பெரியப்பாகிட்டச் சொல்லியிருக்கேன், கொண்டா பாக்கலாம்னிருக்காரு"ன்னான்.

என்ன சொல்லுவீங்க, நீங்களா இருந்தா? சொல்லுங்க. எனக்குத் தெரியலீங்க. தை மாசத்து ஃப்ரேமை வெச்சு ஏமாத்தலாம்னா, அவன் தேதியைப் பாப்பான். உண்மையைச் சொல்லலாம்னா வாயைத் தொறக்கறேன், சொட்டு மருந்து வாங்கிட்டு வாடான்னுதான் வருது. இத்தனை நேரம் உங்ககிட்ட இவ்வளவு பேசுனவன், அவன்கிட்ட ஒரு வரி பேச முடியல.

டாக்டரம்மாகிட்ட, எத்தனை நாளைக்குங்க கம்ப்யூட்டர் பாக்கக் கூடாதுன்னு கேட்டேன். ஒரு வாரம் போதும்னாங்க. ஆறு மாசம்னு சீட்டுல எழுதிக் குடுங்கம்மான்னு கெஞ்சுனேன். இந்த மாதிரி யாரும் கேட்டதில்லையேன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க.

வந்துட்டான் பாருங்க. நீங்க ஒண்ணும் கேக்காத மாதிரி இருந்துக்கங்க.

வா மாப்ளெ. மருந்து கெடைச்சுதா? இவருக்கும் கண்ணுதான், சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். டாக்டரம்மாவா? அதான் பாத்துட்டாங்களே, எல்லாம் நல்லாருக்குதாம். ஒண்ணே ஒண்ணு, கம்ப்யூட்டர் மட்டும் ஆறு மாசத்துக்குப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆமாடா, ஆறு மாசம். நான் என்ன பண்ணட்டும்? கண்ணு விசயமாச்சே.

என்னது?

நீயே அந்தப் படத்தைப் பண்ணிக்கறயா? நீ எதுக்கு மாப்ளெ சிரமப்பட்டுக்கிட்டு... இல்ல, இல்ல, உனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல. உன்ற கண்ணு நல்ல கண்ணு. அன்னைக்கே நீ சரியாத்தான் சொன்னே. இன்னைக்கேவா? என்னை ஊட்டுல எறக்கி விட்டுட்டு அப்படியே டிஸ்க்கை வாங்கிக்கிட்டுப் போறயா?

இருக்குது மாப்ளெ. பீரோவுலதான் வெச்சிருக்கேன். அறுபத்தெட்டும் அப்படியே இருக்குது.